கதவைச் சாத்திக்கொள் என்கிறார்கள்

வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்கள் கவனம் சிதறாமல், குறையில்லாமல் வேலையை முடிக்க என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பட்டியல் ஊரெல்லாம் சுற்றுகிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்ட நாள் முதலாய்ச் சுற்றுகிறது. வார இதழ்கள் அச்சடித்தன. தொலைக்காட்சியில் கோட்டுப் போட்ட நிபுணர்கள் வந்து சொன்னார்கள். கம்பெனிகள் தங்கள் ஆட்களுக்கு அனுப்பி வைத்தன. ஒரு தனி அறையை ஒதுக்கிக்கொள்ளுங்கள். நல்ல மேசையும் முதுகு வலிக்காத நாற்காலியும் போடுங்கள். சன்னல் வெளிச்சம் விழுகிற மாதிரி உட்காருங்கள். காலையில் குளித்து, ஆபீசுக்குப் போகிற மாதிரி உடுத்திக்கொள்ளுங்கள். செல்போனை வேறு அறையில் வையுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

யோசனை நல்ல யோசனைதான். எந்தக் கதவை?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் 37 விழுக்காடு ஒரே அறையில் குடியிருந்தன. அந்த ஒரே அறையில்தான் அடுப்பு எரியும். அதிலேதான் பாய் விரிக்கணும். பிள்ளை பெற்றவளும் அங்கேதான், இருமிக்கொண்டு கிடக்கிற கிழவனும் அங்கேதான், பத்தாங்கிளாஸ் பரீட்சைக்குப் படிக்கிற பெண்ணும் அங்கேதான். செல்போனை வேறு அறையில் வை என்றால், சேரியில் வேறு அறை என்பது பக்கத்து வீடு. அவர்களே ஆறு பேர் இருக்கிறார்கள்.

நாற்காலி பற்றியும் சொல்கிறார்கள். 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் ஊராட்சித் தலைவர் தரையில் உட்கார, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த படம் வெளியானது. துணிக்கடையில் நாளெல்லாம் நின்றே கால் வீங்கின பெண்கள் உட்காருவதற்குத் தமிழ்நாட்டில் 2021ல் சட்டத் திருத்தமே கொண்டுவர வேண்டியிருந்தது. இந்த நாட்டில் நாற்காலி என்பது மரச்சாமான் கணக்கில் வராது. யார் உட்காரலாம், யார் நிற்கணும், யார் தரையில் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. அதைப் படிக்கத் தெரியாதவர்கள்தான் 'நல்ல நாற்காலி வாங்குங்கள்' என்று எழுதுகிறார்கள்.

கவனம் என்பது மனசு சம்பந்தப்பட்ட சமாச்சாரம் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். மன உறுதி இருந்தால் போதுமாம். கவனம் வரவில்லை என்றால் உன் மனசு சரியில்லை, உன் பழக்கம் சரியில்லை, உன் வளர்ப்பு சரியில்லை. எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? 'அவனுகளுக்குப் படிப்பு ஏறாது' என்று திண்ணையில் உட்கார்ந்து சொன்ன பேச்சுதான் இது. இப்போது புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. நாம் சொல்வது வேறு. கவனம் இடம் சம்பந்தப்பட்டது. இந்த நாட்டில் இடம் சாதி சம்பந்தப்பட்டது.

*

வீட்டிலிருந்து வேலை செய்தால் வேலை கூடும் என்பதற்கு முதலாளிகள் ஒரு ஆய்வை எடுத்துக் காட்டுவார்கள். சீனாவில் சிட்ரிப் என்கிற பயண முன்பதிவுக் கம்பெனி ஷாங்காய் நகரத்தில் நடத்தியது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துப் பொருளாதாரப் பேராசிரியர் நிக்கலஸ் புளூமும் அவருடைய கூட்டாளிகளும் 2010 கடைசியில் தொடங்கி ஒன்பது மாதம் சோதித்து, 2015ல் வெளியிட்டார்கள். தொலைபேசியில் பதில் சொல்கிற வேலையாட்களை வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டார்கள். வேலை 13 விழுக்காடு கூடியது. இந்தப் பதின்மூன்றைத்தான் மேடைக்கு மேடை சொல்கிறார்கள்.

சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அந்தச் சோதனையில் சேர யாருக்குத் தகுதி? கம்பெனியில் ஆறு மாதமாவது வேலை பார்த்திருக்கணும். வீட்டில் நல்ல இணைய வசதி இருக்கணும். வேலை நேரத்தில் தனியாக உட்கார வீட்டில் சொந்தமாய் ஒரு அறை இருக்கணும். அதாவது, அறை இருக்கிறவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து, அவர்கள் நன்றாக வேலை செய்தார்கள் என்று கண்டுபிடித்தார்கள். பேராசிரியர் இதை மறைக்கவில்லை, எழுதித்தான் வைத்திருக்கிறார். வேலை கூடியதற்கு அவர் சொல்லும் காரணங்களில் ஒன்று, வீடு அலுவலகத்தைவிட அமைதியாக இருந்தது என்பது. விளக்கு எரிந்தால் வெளிச்சம் வரும் என்கிற மாதிரிதான். விளக்கு யாரிடம் இருக்கிறது என்பதுதான் நம்முடைய கேள்வி. மேடையில் பேசுகிறவர்கள் பதின்மூன்றை எடுத்துக்கொண்டார்கள், அறையை விட்டுவிட்டார்கள்.

சென்னையில் பழைய மாமல்லபுரம் சாலைக்குப் போய்ப் பாருங்கள். சாலையோரம் கண்ணாடிக் கட்டிடங்கள். அந்தக் கட்டிடங்களுக்குப் பின்னால் கண்ணகி நகர். 2000ஆம் ஆண்டிலிருந்து நகரத்தின் நடுவில் கூவத்தோரமும் சாலையோரமும் இருந்த குடிசைகளைப் பிடுங்கி, முதலில் கண்ணகி நகரிலும், பிறகு செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய்க் கொட்டினார்கள். 1970ல் குடிசை மாற்று வாரியம் என்று ஏற்படுத்தியது 2021ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. பெயர் நீண்டது. கண்ணகி நகரில் ஆரம்பத்தில் கட்டின வீடுகளில் பல 200 சதுர அடியைக்கூடத் தொடவில்லை. கண்ணாடிக் கட்டிடத்துக்குள் ஒரு அதிகாரியின் அறை அதைவிடப் பெரிசு.

2020ல் அந்தக் கட்டிடங்களைப் பூட்டினார்கள். மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அந்த மேசையைத் துடைத்தவள் என்ன செய்வாள்? வீட்டிலிருந்தே துடைக்க முடியுமா? ஒப்பந்தக்காரன் வராதே என்று சொல்லிவிட்டான், கூலி போச்சு. இன்னொரு பக்கம், ஊரே கதவைச் சாத்திக்கொண்டு இருந்தபோது துப்புரவுத் தொழிலாளர்கள் மட்டும் தெருவில் நின்றார்கள். வீட்டிலிருந்து வேலை செய்யலாம், வீட்டை விட்டுத் துரத்தித்தான் வேலை வாங்கணும் என்று வேலைகள் இரண்டாகப் பிரிந்தன. பிரிந்த கோடு எந்தத் தெருவுக்குக் குறுக்கே போனது என்று நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

*

வீடும் வேலையும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருப்பது நமக்குப் புதுசா?

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891ல் பறையர்கள் நிலை பற்றி ஒரு அறிக்கை எழுதினார். 1892ல் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டதற்கு அதுதான் அடிப்படை. நிலம் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். அந்த அறிக்கையில் மனை பற்றியும் இருக்கிறது. சேரிக்காரன் குடியிருக்கிற குடிசையின் அடி மண் அவனுடையது இல்லை. மிராசுதார் தன்னுடையது என்பான். வேலைக்கு வரமாட்டேன் என்றால், கூலி போதாது என்றால், குடிசையை விட்டு இறங்கு. இறங்கி எங்கே போவான்? அவனைப் பண்ணையில் கட்டிப்போடச் சங்கிலி தேவைப்படவில்லை. காலுக்கடியில் இருந்த மனையே போதும். தமிழ்நாட்டில் விவசாயக் கூலிகள் குடியிருக்கிற மனையை அவர்களுக்கே சொந்தமாக்குகிற குடியிருப்புச் சட்டம் 1971ல்தான் வந்தது. மிராசுதாரின் ஆள் வந்து 'இறங்கு' என்று சொல்லக் கூடாது என்பதற்கு, திரமென்ஹீர் எழுதி எண்பது வருசம் ஆகியிருக்கிறது.

வேலை நேரம் என்று ஒன்று உண்டா? செத்த மாட்டைத் தூக்கணும், சாவு சொல்லிப் போகணும், பறையடிக்கணும், பிணம் எரிக்கணும், மடை பார்க்கணும். நடுச்சாமமானாலும் தெருமுனையில் நின்று ஒரு குரல் கூப்பிடும். ஊர்க்காரன் சேரிக்குள் வரமாட்டான், தீட்டு. அவன் குரல் மட்டும் வரும். தின்றுகொண்டிருந்தாலும் தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுந்து போகணும்.

மராட்டிய மண்ணில் மகர்களுக்கு இதைச் சட்டமாகவே வைத்திருந்தார்கள். 1874ஆம் ஆண்டின் பரம்பரைப் பதவிச் சட்டம். அதன்படி வதன் நிலம் என்று ஒரு துண்டு, கொஞ்சம் தானியம், அற்பக் கூலி. அதற்குப் பதில் இரவும் பகலும் சர்க்காருக்கும் கிராமத்துக்கும் ஊழியம். முறைக்கு உரிய ஆள் வீட்டில் இல்லையென்றால் அவன் அப்பனோ வீட்டிலுள்ள வேறு யாரோ போயாக வேண்டும். ஒருத்தனுக்குக் கூலி, குடும்பமே அடிமை. 1928ல் பம்பாய்ச் சட்டசபையில் இந்தச் சட்டத்தைத் திருத்த மசோதா கொண்டுவந்தவர் அம்பேத்கர். அவர் கேட்டவற்றுள் முக்கியமானது, எவ்வளவு வேலை, யாருக்கு வேலை, எந்தக் கூலிக்கு என்பதற்கு ஒரு வரம்பு. அந்த வதன் முறையை ஒழிக்கிற சட்டம் 1958ல்தான் வந்தது. அப்போது அவர் உயிரோடு இல்லை.

இப்போது செல்போன் மணி அடிக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்கு 'ஒரு அஞ்சு நிமிசம் பேசலாமா?' என்று மேலாளர் கேட்கிறார். எடுக்காவிட்டால் 'இவருக்கு ஈடுபாடு போதாது' என்று எழுதிவிடுவார். நல்ல சம்பளக்காரர்கள் இதைப் புதிய கொடுமை என்று எழுதுகிறார்கள். கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் புதியது இல்லை. வீட்டில் இருக்கிறவனை எந்நேரமும் கூப்பிடலாம் என்பது தெருமுனையில் நின்று கூப்பிட்டவனின் நியாயம். அது இன்றைக்குக் கம்பி இல்லாமல் வருகிறது.

*

வீட்டிலேயே உட்கார்ந்து, அளவு குறையாமல், பிசகில்லாமல் வேலை முடிப்பது எப்படி என்று தெரியணுமா? கோட்டுப் போட்டவரைக் கேட்காதீர்கள். திருநெல்வேலிப் பக்கமும் வேலூர்ப் பக்கமும் பீடி சுற்றுகிற பெண்களைக் கேளுங்கள். மடியில் முறம், முறத்தில் தூளும் வெட்டின இலையும். ஒரு கால் தொட்டிலை ஆட்டும். கண் பீடியில், காது அடுப்பில், வாய் பள்ளிக்கூடம் போகாமல் நிற்கிற பையனை அதட்டும். விரல் நிற்காது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சரியில்லை என்று கடையில் கழித்துப் போட்ட பீடிக்குக் கூலி கிடையாது. கணக்குப் பார்த்தால், தரை அவளுடையது, விளக்கு அவளுடையது, மின்சாரக் கட்டணம் அவளுடையது. நெஞ்சுக்குள் போகிற தூளும் அவளுடையது. லாபம் மட்டும் வேறொருவனுடையது.

ஆம்பூர்ப் பக்கம் போனால் ஏற்றுமதிக் காலணிகளின் மேல்பாகத்தைப் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கையால் தைக்கிறார்கள். ஜோடிக் கணக்கில் கூலி. சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் ஒரு காலத்தில் வீடு வீடாகத் தீப்பெட்டி ஒட்டினார்கள். இவர்களில் தலித் பெண்களும் இசுலாமியப் பெண்களும் ஏராளம். இவர்களுடைய வேலைத் திறமை பற்றி யாராவது புத்தகம் எழுதினார்களா? 'கவனக் குவிப்பு' என்று பெயர் வைத்தார்களா? அவர்கள் செய்வதற்குப் பெயர் 'சும்மா வீட்ல இருக்கிறா, நேரம் போகப் பீடி சுத்துறா.'

இந்தப் பெண்களிடமிருந்து லேப்டாப் வைத்திருக்கிற நம் பிள்ளைகள் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. விரல் வேகத்தைச் சொல்லவில்லை. பீடி முதலாளிகள் ரொம்ப காலம் 'இவர்கள் எங்கள் தொழிலாளிகளே இல்லை, ஒப்பந்தக்காரனிடம் வாங்கி வீட்டில் சுற்றுகிறார்கள், எங்களுக்கு என்ன சம்பந்தம்?' என்று வாதாடினார்கள். 1966ல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவரையும் தொழிலாளி என்றது. முதலாளிகள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1974ல் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. நடைமுறையில் ஆயிரம் ஓட்டை இருந்தது, கூலியைத் திருடினார்கள், அட்டை கொடுக்காமல் ஏய்த்தார்கள், எல்லாம் உண்மை. ஆனாலும் ஒரு விசயம் நிலைநாட்டப்பட்டது. வேலை வீட்டுக்குள் நடந்தாலும் முதலாளியின் பொறுப்பு வாசலோடு நிற்காது.

1996ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்கென்றே 177ஆம் எண் உடன்படிக்கையை நிறைவேற்றியது. தொழிற்சாலையில் வேலை செய்கிறவருக்கு உள்ள உரிமை வீட்டிலிருந்து செய்கிறவருக்கும் வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியா அதை ஏற்று உறுதி செய்யவில்லை. பீடிக்காரிக்காக அன்று நாடு முழுக்கக் கேட்டிருந்தால் இன்று கணினிக்காரனுக்கும் அது குடையாக இருந்திருக்கும். 'அது கூலிக்காரங்க பிரச்சினை' என்று விட்டார்கள். மழை இப்போது எல்லோர் தலையிலும் பெய்கிறது.

*

அம்பேத்கரைப் பற்றி ஒரு கதை நம் கூட்டங்களில் அடிக்கடி சொல்லப்படும். பம்பாய் பரேலில் ஒற்றை அறைக் குடியிருப்பு. சமையலும் படுக்கையும் அதிலேயே. திரிகையும் ஆடும்கூட அதற்குள்தான். கண்ணாடிச் சிமினி இல்லாத விளக்கை வைத்துக்கொண்டு விடிய விடியப் படித்தார். கதையைச் சொல்லி முடித்ததும் இளைஞர்களைப் பார்த்து, 'அவர் படிக்கலையா? உனக்கு என்ன கேடு?' என்பார்கள். கோட்டுப் போட்டவர் சொல்வதையே நாமும் நீலத் துண்டு போட்டுக்கொண்டு சொல்கிறோம்.

கதையின் மறுபாதியைப் பாருங்கள். அந்த அறையில் எல்லோரும் படுக்க இடம் இல்லை. அப்பா ராம்ஜி பையனைச் சீக்கிரமே தூங்க வைத்துவிட்டு, இரவு இரண்டு மணி வரை தான் விழித்திருப்பார். இரண்டு மணிக்கு மகனை எழுப்பிப் படிக்க உட்காரவைத்துவிட்டு, அந்த இடத்தில் தான் படுப்பார். பையனின் மன உறுதி ஒரு பக்கம். இல்லாத அறையைத் தன் தூக்கத்தை வெட்டி ஒரு மனிதர் கட்டிக் கொடுத்தார் என்பது இன்னொரு பக்கம். இடத்தைப் பெருக்க முடியாதபோது நேரத்தைப் பங்கு போட்டார்கள். அது ஒரு குடும்பத்தின் கூட்டு வேலை.

பிற்பாடு பரேலிலேயே இரண்டு அறைக் குடியிருப்பில் நெடுங்காலம் குடும்பத்தோடு இருந்தார். 1924ல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கியபோது அதன் அலுவலகம் பரேல் தாமோதர் மண்டபத்தில் இருந்தது. பொது வேலைக்குப் பொது இடம். 1930களில் தாதரில் ராஜகிருகம் என்று வீடு கட்டியபோது புத்தகத்துக்கென்றே இடம் விட்டுக் கட்டினார். ஒற்றை அறையில் படித்தவர் ஒற்றை அறையின் பெருமை பேசவில்லை. அதை விட்டு வெளியே வந்தார், புத்தகத்துக்கு மாளிகை கட்டினார். நாம் அவருடைய வறுமையைத்தான் பின்பற்றணுமா?

வீடு இல்லாவிட்டால் வேலை என்னாகும் என்பதையும் அவர் வாழ்க்கையே சொல்லும். அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917ல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குப் போனார். ஊரில் தங்க இடம் தர ஆளில்லை. பெயரை மறைத்துப் பார்சி விடுதி ஒன்றின் மாடியில், தட்டுமுட்டுச் சாமான்கள் அடைத்துக் கிடந்த கூடத்தை ஒட்டின அறையில், ஒரு சின்ன அரிக்கேன் விளக்கோடு தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு பார்சிகள் வந்து நின்றார்கள். அன்று மாலைக்குள் வெளியேறச் சொன்னார்கள். போக இடமில்லாமல் பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு வண்டியில் பம்பாய்க்குத் திரும்பினார். அத்தனை படிப்பும் இருந்தது, சம்பளமும் இருந்தது, கவனமும் இருந்தது. தலைக்கு மேல் கூரை இல்லை, வேலை போனது.

நூறு வருசத்துக்கு மேல் ஆயிற்று. இன்றைக்குச் சென்னையில் வாடகை வீடு தேடுகிற தலித் பையன் 'நீங்க என்ன ஆளுங்க?', 'சைவமா?' என்ற கேள்வியைத் தாண்டாமல் சாவி வாங்க முடிகிறதா? தில்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் சுகதேவ் தோரட்டும் மற்றவர்களும் வாடகை வீடு பற்றி நடத்திய ஆய்வு 2015ல் வெளியானது. மேல்சாதிப் பெயரோடு கேட்டவர்களுக்கு வீடு இருந்தது. தலித் பெயருக்கும் இசுலாமியப் பெயருக்கும் ஒன்று வீடு இல்லை, அல்லது வாடகையும் நிபந்தனையும் ஏறின. அறையைத் தேடிப் போனால் சாதி கேட்கிறான், அறை இல்லாமல் உட்கார்ந்தால் கவனம் போதாது என்கிறான்.

வீட்டுக்குள் வந்துவிட்டால் தப்பித்தோமா? லேப்டாப்பில் கேமரா இருக்கிறது. மீட்டிங்கில் முகம் காட்டணும். முகத்தோடு சுவரும் தெரியும். சுவரில் அம்பேத்கர் படம் மாட்டியிருக்கும். எங்கள் பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்தப் படத்துக்கு முதுகு காட்டாத மூலையாய்ப் பார்த்து உட்காருகிறார்கள், அல்லது பின்னணியை மங்கலாக்கிக்கொள்கிறார்கள். அடுத்தவன் பின்னால் சாமி படமும் கொலுப்படியும் பளிச்சென்று தெரியும், அதற்குப் பெயர் பண்பாடு. அலுவலகத்துக்குப் போனால் பெயரை மட்டும்தான் மறைக்கணும். வீட்டிலிருந்து வேலை செய்தால் வீட்டையே மறைக்கணும். வேலையில் கவனம் வைக்கச் சொல்கிறீர்களே, மனசில் பாதி சுவரைக் காவல் காத்துக்கொண்டிருக்கும்போது மீதிப் பாதியில் எவ்வளவு கவனம் வரும்?

*

ஊரைக் கேட்டோம். நம் வீட்டையும் கேட்க வேண்டும்.

ஒற்றை அறையில் ஒருத்தன் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்ததும் மற்றவர்கள் எங்கே போகிறார்கள்? பெரும்பாலும் அம்மா வாசலுக்குப் போகிறாள். தங்கை பக்கத்து வீட்டுத் திண்ணைக்குப் போகிறாள். மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேப்ப மரத்தடிக்குப் போகிறாள். 'சத்தம் போடாதே, மீட்டிங்கில் இருக்கேன்' என்று ஒரு அதட்டல். அவள் சுற்றிக்கொண்டிருந்த பீடி முறமும் வெளியே போகிறது. வெயிலில் இலை காய்ந்து உடைகிறது. அவள் கூலி குறைகிறது. அவனுடையது வேலை, அவளுடையது சத்தமா?

அந்த லேப்டாப் அவளிடம் இருந்தால் கதையே வேறு. தண்ணி லாரி வந்ததும் அவள்தான் எழுந்து ஓடணும். மீட்டிங்குக்கு நடுவில் குழம்பு அடிப்பிடித்தால் அவளுக்குத்தான் திட்டு. பொம்பளப் பிள்ளை ராத்திரி பத்து மணிக்கு யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறாள் என்று அண்ணன்காரன் முறைப்பான். ஊர்க்காரன் நமக்குக் கதவு வைக்கவில்லை என்று கேட்கிற வாய், நாம் நம் பெண்களுக்கு எதை வைத்தோம் என்றும் கேட்கணும். ராம்ஜி தன் தூக்கத்தைக் கொடுத்தார். நம் ஆண்கள் எதைக் கொடுக்கப் போகிறோம்? குறைந்தது தண்ணிக் குடத்தையாவது நாம் தூக்கலாம்.

*

சரி, என்ன செய்யலாம்?

வீட்டளவில் செய்ய முடிந்ததைச் செய்வோம். இடத்தைப் பங்கு போட முடியாதபோது நேரத்தைப் பங்கு போடுவது நம் வீடுகளுக்குத் தெரிந்த வித்தை. யார் எந்த மணிக்கு அறையில் உட்காருவது என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து பேசி முடிவு செய்யலாம். பெண் படிக்கிற நேரம், அம்மா பீடி சுற்றுகிற நேரம், மகன் கம்பெனி வேலை பார்க்கிற நேரம் மூன்றுக்கும் ஒரே மரியாதை. கவனம் தேவைப்படுகிற கடினமான வேலையைத் தெரு அடங்கிய நேரத்துக்கும், பதில் போடுவது மாதிரி மேலோட்டமான வேலையைச் சத்தமான நேரத்துக்கும் ஒதுக்கலாம். எத்தனை மணிக்குத் தொடங்கினோம், எத்தனை மணிக்கு முடித்தோம், எத்தனை முறை வேலை நேரம் தாண்டிக் கூப்பிட்டார்கள் என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைக்கணும். பீடிக்காரிக்குக் கணக்குப் புத்தகம் எதற்குத் தேவைப்பட்டதோ அதற்கேதான் இதுவும். நாளைக்குப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது கையில் எழுத்து இருக்கணும்.

தெருவளவிலும் செய்யலாம். நம் சேரிகளில் அம்பேத்கர் பெயரில் இரவுப் பள்ளிகள் நடந்தன, பல இடங்களில் இன்னும் நடக்கின்றன. ஒரு குண்டு பல்பும் ஒரு கரும்பலகையும் வைத்துக்கொண்டு ஒரு தலைமுறையைப் படிக்க வைத்தன. அவை வீட்டில் இடமில்லாத பிள்ளைகளுக்குத் தெரு கட்டிக் கொடுத்த அறைகள். அதே கூடத்தில் பகலில் நாலு மேசை, மின்சாரம், இணையம் என்று போட்டால் வேலை செய்கிறவர்களுக்கும் ஆகும். சங்கக் கட்டிடம் கேரம் போர்டுக்கும் தேர்தல் காலத்துக் கொடிக்கும் மட்டும்தானா?

இனி அரசுக்கு. 2024 நவம்பரில் சென்னை கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் என்று திறந்தார்கள். வீட்டில் இடமில்லாதவர்கள் வந்து உட்கார்ந்து வேலை செய்யவும் தேர்வுக்குப் படிக்கவும் பொது இடம். நல்ல காரியம், நல்லது என்றே சொல்வோம். முதல் இடம் முதலமைச்சராக இருந்தவரின் தொகுதிக்குப் போனது. கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் எப்போது? 2023ல் அயோத்திதாச பண்டிதர் பெயரில் ஆதிதிராவிடர் குடியிருப்புகளை மேம்படுத்த ஐந்து ஆண்டுக்கு 1000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். சாலை, சாக்கடை, சுடுகாட்டுப் பாதை எல்லாம் வேண்டியதுதான். அவற்றோடு ஒவ்வொரு சேரிக்கும் கதவும் மேசையும் மின்சாரமும் உள்ள ஒரு கூடம் கேட்போம். 'தமிழன்' நடத்திய பண்டிதர் பெயரில் வரும் பணத்தில் படிக்கவும் எழுதவும் ஒரு இடம் கேட்பது அதிகமா?

கடைசியாகக் கம்பெனிகளுக்கு. கட்டிட வாடகையும் மின்சாரமும் குளிர்சாதனமும் மிச்சம் பிடித்தீர்கள். அந்த மிச்சம் எங்கள் அறையிலிருந்து எடுத்தது. அதைத் திருப்பிக் கொடுங்கள். வீட்டில் இடமில்லாதவர் அலுவலகத்துக்கு வர விரும்பினால் வரவிடுங்கள், அதற்காக அவரைக் குறைவாக எண்ணாதீர்கள். கேமராவைப் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது கொண்டுவந்த மசோதாதான் 1946ல் சட்டமாகி, தொழிற்சாலை வேலை நேரத்தை வாரத்துக்கு 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைத்தது. அது ஆலையின் வாசலுக்குள் இருந்தவர்களுக்குக் கிடைத்தது. வீட்டில் வேலை செய்கிறவருக்கு ஆலை வாசல் இல்லை, சங்கு ஊதுகிறவர் இல்லை. ஆகவே இத்தனை மணிக்கு மேல் கூப்பிடக் கூடாது, கூப்பிட்டால் எடுக்காமல் இருக்க உரிமை உண்டு என்று எழுத்தில் வேண்டும். தெருமுனையில் நின்று கூப்பிட்ட குரலுக்கு 'வரமாட்டேன்' என்று முதன்முதலில் சொன்ன நம் பாட்டன்மார் அடிபட்டார்கள், குடிசை எரிந்தது. ஆனாலும் சொன்னார்கள். சொன்னதனால்தான் அந்தக் குரல் பல ஊர்களில் அடங்கியது.

பட்டியல் எழுதுகிறவர்கள் தாராளமாக எழுதட்டும். முதல் வரியில் 'தனி அறை ஒன்றை ஒதுக்கிக்கொள்ளுங்கள்' என்று எழுதும்போது, அந்த அறை யாருடைய மனையில் நிற்கிறது, அதற்கு யார் வாடகை கொடுப்பது, யாருக்கு அதை வாடகைக்கு விடமாட்டார்கள் என்பதையும் சேர்த்து எழுதட்டும். அப்புறம் இரண்டாவது வரிக்கு நாங்கள் வருகிறோம்.